பற்று வரவு

என் பெண்ணுக்கு ஒரு சிறுத்தைக்குட்டி வேண்டுமாம்.

ஏழாவது படிக்கிறாள். போன வருடம் நாய்க்குட்டி கேட்டாள். அபார்ட்மென்ட் அசோசியேஷனைக் காரணம் காட்டித் தப்பித்தேன். அடுத்து லவ் பேர்ட்ஸ். அதற்கும் ஏதோ சாக்கு. இப்போது ஒரேயடியாகச் சிறுத்தை. செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். பெரிய கார் ஒன்றின் முன் சீட்டில், சீட் பெல்ட்கூடப் போடாமல், ஒரு சிறுத்தைக்குட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுகிற ஆசாமி அதன் தலையைத் தடவுகிறார். அது கண்ணை மூடிக்கொள்கிறது. லட்சக்கணக்கில் லைக்.

முதலில் சட்டம் பேசினேன். இந்தக் கூத்தெல்லாம் அளவு மீறிப்போய் ஐக்கிய அரபு அமீரகத்திலேயே 2016-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நம் ஊரில் 1972-லிருந்தே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அப்பா ஜெயிலுக்குப் போகவேண்டி வரும் என்றேன். அவள் முகத்தில் பெரிய வருத்தம் தெரியவில்லை.

சரி என்று கணக்கில் இறங்கினேன். பி.காம். படித்தவனுக்கு அதுதானே ஆயுதம்? ஒரு சிறுத்தைக்கு நாளைக்கு மூன்று கிலோ மாட்டிறைச்சி. கிலோ முன்னூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் இருபத்தேழாயிரம். டாக்டர் செலவு, கூண்டுச் செலவு தனி.

“எதையும் கணக்காவே பாருப்பா நீ” என்றாள். அப்புறம் ஒரு போடு போட்டாள். “செஞ்சி தாத்தா மட்டும் வளத்தாரே?”

பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கதை உண்டு. என் தாய்மாமா செஞ்சியில் சிறுத்தை வளர்த்தார் என்று. ஆதாரமாக என் இடது மணிக்கட்டில் மூன்று கோடு தழும்பு இருக்கிறது. கல்லூரியில், ஆபீசில், பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்தத் தழும்பைக் காட்டிக் கதை விட்டிருக்கிறேன். பெண்ணிடமும் விட்டதுதான் தப்பாகப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செஞ்சி.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலி. ராஜகிரி மேலே ஏற முடியாது. ஆனாலும் கோட்டைக்கு எங்களோடு வந்தே தீருவேன் என்றார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று எங்கள் ஊர். அன்றிலிருந்து மாமா இந்தக் கோட்டையைத் தானே கட்டியதுபோலப் பேசிக்கொண்டிருக்கிறார்.

கல்யாண மகால் பக்கம் ஒரு நிழலில் உட்கார்ந்தோம். என் பெண்ணின் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை ஒரு குரங்கு முறைப்படி வரி வசூல் செய்துகொண்டு போனது. மாமா தேசிங்கு ராஜன் கதையை ஆரம்பித்தார். அப்பன் சொரூப்சிங்கால் அடக்க முடியாத டில்லி பாதுஷாவின் குதிரையைச் சின்னப் பையன் தேசிங்கு அடக்கினான் என்கிறது கதைப்பாடல். சரித்திரத்தில் அவன் பெயர் தேஜ் சிங். 1714-ல் ஆற்காடு நவாபோடு மோதிச் செத்தபோது வயது 22.

“பாத்தியா? அடங்காத குதிரையை அடக்க முடிஞ்சா, சிறுத்தையை அடக்க முடியாதா?” என்று என் பக்கம் திரும்பினாள் மகள்.

நியாயமான கேள்வி. நாமும் பதில் சொல்லத்தானே வேண்டும்?

எவ்வளவு முரட்டுக் குதிரையாக இருந்தாலும் அது நாலாயிரம் வருடத்துக்கும் மேலாக மனிதனோடு இருக்கிற வம்சம். அடக்கமான ஜோடிகளாகப் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து உண்டாக்கியது. நாயும் அப்படித்தான். வீட்டுப் பூனை, நாம் தானியம் சேர்க்க ஆரம்பித்தபோது எலி தின்ன வந்து தானாகவே ஒட்டிக்கொண்ட இனம். புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றுக்கு இப்படி ஒரு வம்ச வரலாறே கிடையாது. ஒரு குட்டியை எடுத்துப் புட்டிப்பால் கொடுத்துப் பழக்கலாம். பழகுவது அந்த ஒரு குட்டிதான். அதன் ரத்தம் பழகுவதில்லை.

அக்பர் முயற்சி பண்ணிப் பார்த்தார். வேட்டைக்காகச் சிவிங்கிப்புலிகளைப் பிடித்து வளர்த்தார். ஒரு சமயம் ஆயிரம் வரை வைத்திருந்தார் என்று அவர் மகன் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். அவை குட்டி போட வேண்டும் என்று அக்பருக்கு ரொம்ப ஆசை. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டும் பார்த்தார். நடக்கவில்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஒரே ஒரு தடவை நடந்தது. எப்படி? ஒரு ஆண் சிவிங்கிப்புலி கழுத்துப் பட்டையை நழுவவிட்டுத் தப்பித்துப் பெண்ணிடம் போனது. மூன்று குட்டிகள். சாம்ராஜ்யமே கூடிச் செய்ய முடியாததை ஒரு கழுத்துப் பட்டை நழுவியது செய்துவிட்டது.

“அதெல்லாம் சரி, தாத்தாவோட சிறுத்தை?” என்றாள் மகள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

1991 பொங்கல் சமயம். எனக்குப் பத்து வயது. அப்போது நாங்கள் செஞ்சியில் ஆயா வீட்டோடு இருந்தோம். மாமாவின் கரும்புக்கு மில்லிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் மாமா டி.வி.எஸ். 50-ல் வேர்க்க விறுவிறுக்க வந்தார். மடியில் துண்டு மூட்டை. அவிழ்த்தால் இரண்டு குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் இருக்கும். உடம்பெல்லாம் கோடும் புள்ளியும். கரும்புச் சோகைக்குள் கிடந்தனவாம்.

“சிறுத்தைக்குட்டிடா!” என்றார் மாமா.

சாயந்திரத்துக்குள் தெருவே எங்கள் வாசலில். கமிட்டிக்கு நெல் மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா பழுத்த எம்.ஜி.ஆர். ரசிகர். ‘ராஜா தேசிங்கு’வில் அவர் குதிரை ஏறியதிலிருந்தே அவரைச் செஞ்சிக்காரராகத்தான் மாமா கருதி வந்தார். ‘அடிமைப் பெண்’ படத்துச் சிங்கத்தை எம்.ஜி.ஆர். சொந்தமாக வளர்த்ததும், அதன் பெயர் ராஜா என்பதும் அவருக்கு வேத வாக்கு. குட்டிகளுக்கு அந்த நிமிடமே பெயர் வைத்தாயிற்று. ராஜா, ராணி.

(அந்தச் சிங்கத்தை நீங்களும் பார்க்கலாம். தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில், பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. போய்ப் பார்த்தேன். வாழ்ந்த காலத்தில் எவ்வளவு பேர் அதைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்! இப்போது முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.)

சங்கில் பசும்பால் புகட்டினோம். ராணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றால் போயிற்று. இரண்டாம் நாள் காலையில் விறைத்துக் கிடந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம். ராஜா பிழைத்துக்கொண்டான். என் சட்டைக்குள் புகுந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்குவான். அந்தச் சூடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துப் பெரிய வகுப்புப் பையன்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் நாள் ராத்திரியே அந்தச் சத்தம் கேட்டது. கொல்லைப்புறம், வைக்கோல் போருக்கு அந்தண்டை. பூனை கத்துவதுபோல, ஆனால் இன்னும் அடித்தொண்டையில். விட்டு விட்டுக் கேட்டது. மாமா டார்ச் அடித்தால் நின்றுவிடும். படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

“அதும் ஆத்தாக்காரி கூப்புடறாடா. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வெச்சிட்டு வந்துடு” என்றாள் ஆயா.

“சும்மா இரும்மா. அது குட்டிய வுட்டுட்டு ஓடிப்போச்சு. நாம எடுக்கலன்னா நரி தின்னிருக்கும்” என்றார் மாமா.

மூன்று ராத்திரி கூப்பிட்டது. நாலாம் நாள் இல்லை.

இரண்டு மாதத்தில் ராஜாவின் கோடும் புள்ளியும் மங்க ஆரம்பித்தன. மண் கலரில் வந்து நின்றான். நீளக் கால், குட்டை வால், காது நுனியில் கொஞ்சம் கறுப்பு முடி. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். காட்டுப்பூனை! கரும்புத் தோட்டத்திலும் புதரிலும் நாணல் காட்டிலும் இருக்கிற சாதாரணக் காட்டுப்பூனை. அதன் குட்டிக்குக் கோடும் புள்ளியும் இருக்கும், வளர்ந்தால் போய்விடும். மாமாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. வெளியில் சொல்லவேண்டாம் என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சிறுத்தை சிறுத்தையாகவே குடும்ப வரலாற்றில் நிலைத்துவிட்டது.

பூனைதானே என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் வீட்டுப் பூனைக்கும் வைக்கோலுக்கும் நெருப்புக்கும் உள்ள தூரம். ஐந்தாம் மாதம் எதிர்வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தான். வாயிலிருந்து பிடுங்கப் போனேன். ஒரு விநாடி. மணிக்கட்டில் மூன்று கோடு. என் சட்டைக்குள் தூங்கியவன், என்னை அடையாளமே தெரியாதவன்போல ஒரு பார்வை பார்த்தான். எனக்கு அரசு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி. அவனுக்கு நாய்ச் சங்கிலி. கட்டிப்போட்ட இடத்தில் மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகும் வரை சுற்றினான். ஒரு நாள் ஸ்கூலிலிருந்து வந்தால் ஆளைக் காணோம். “கிருஷ்ணகிரி பக்கம் கொண்டுபோய் வுட்டுட்டேன்டா. ராஜா மாதிரி கோட்டையில இருப்பான்” என்றார் மாமா.

ரொம்ப நாள் நம்பினேன். கோட்டை வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் கிருஷ்ணகிரியைப் பார்ப்பேன்.

வளர்ந்த பிறகு, பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, இந்த விஷயமாக எது கிடைத்தாலும் படிப்பது வழக்கமாகிவிட்டது. நன்றாக முடிந்த கதை ஒன்றாவது இருக்காதா என்ற நப்பாசைதான். கிடைத்ததில் மிக அழகான கதை ஒடிசாவில் நடந்தது. 1974 அக்டோபரில், கைரி ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு பெண் புலிக்குட்டியைக் காட்டுவாசிகள் சிமிலிபால் புலிகள் காப்பகத்தின் இயக்குநர் சரோஜ் ராஜ் சௌத்ரியிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாதாரண ஆள் இல்லை அவர். காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் முறையை உருவாக்கியவர். கைரி என்று ஆற்றின் பெயரையே வைத்து, ஜஷிபூர் பங்களாவில் கூண்டு இல்லாமல் வளர்த்தார். முழுப் புலியாக வளர்ந்த பிறகும் வீட்டுக்குள் சுற்றினாள், படுக்கையில் ஏறிப் படுத்தாள். நாடே ஆச்சரியப்பட்டது.

ஆனால் பாருங்கள், வயசுக்கு வந்த கைரி காட்டுக்குப் போவாள், திரும்பி வந்துவிடுவாள். காட்டுப் புலியாக வாழ அவளால் முடியவில்லை. குட்டி போடவே இல்லை. 1981-ல் ஒரு வெறிநாய் அவளைக் கடித்தது. அதன்பின் கொடுத்த மயக்க மருந்து அளவு மீறிப்போய் இறந்துபோனாள். அடுத்த வருடம் சௌத்ரியும் போய்விட்டார். புலியைப் பற்றி அவ்வளவு தெரிந்த, அவ்வளவு அன்புள்ள மனிதர் வீட்டிலேயே முடிவு இப்படி. நம் ஆசாமிகளின் கார் முன் சீட்டில் எப்படி இருக்கும்?

இன்னொரு கதையில் வில்லனே கிடையாது. ஆந்திராவிலிருந்து உக்ரைன் போய் செட்டிலான ஒரு டாக்டர், ஒரு கருஞ்சிறுத்தையையும் ஜாகுவார் கலப்பினம் ஒன்றையும் வளர்த்தார். காரணம் சின்ன வயதில் பார்த்த ஒரு சிரஞ்சீவி படம். 2022-ல் யுத்தம் வந்தது. இவற்றை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நிலவறையில் கிடந்தார். கடைசியில் கையில் காசில்லாமல், பிழைப்புத் தேடிப் போலந்துக்குப் போகும்போது ஒரு விவசாயியிடம் விட்டுவிட்டுப் போகவேண்டி வந்தது. அன்பில் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் வளர்க்கிறவனுக்கு ஒன்று ஆனால், அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

செஞ்சிக்காரனுக்கு இது புதிதும் இல்லை. 1780-ல் இந்தக் கோட்டை ஹைதர் அலி வசம் போனது. புலியைச் சின்னமாகவே வைத்திருந்த திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் நிஜப் புலிகளும் வளர்த்தார். 1799 மே 4-ந் தேதி திப்பு விழுந்தார். புலிகளுக்குத் தீனி இல்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, மூர்க்கமாகிக்கொண்டு வருகின்றன, யாராவது கொண்டுபோகாவிட்டால் சுடச் சொல்லவேண்டியதுதான் என்று ஆர்தர் வெல்லெஸ்லி கடிதம் எழுதினார். சண்டை மனிதர்களுக்குள். அதில் புலிகளுக்கு என்ன பங்கு?

இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கே பேசவில்லை. அது அவர் சுபாவம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அது கோட்டையில இருக்கலடா” என்றார் திடீரென்று.

“எது?”

“ராஜா. வுட்டுட்டு வந்தேன். மறுநாளே டீக்கடையில சொன்னாங்க. சாக்கைத் தொறந்து வுட்ட எடத்தைத் தாண்டி எங்கயும் போவல. வெறகு பொறுக்க வந்தவங்களப் பாத்து நேரா ஓடி வந்திருக்கு. நாமதான்னு நெனச்சிருக்கும். அவங்க பயந்துட்டாங்க. கட்டையால...”

மனிதனைக் கண்டால் ஓடு என்று அதற்குச் சொல்லித்தர அம்மா இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தது நேர் எதிர்.

முப்பத்துச் சொச்சம் வருடம் மாமா அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிடக் கூடாதே என்று சொன்ன பொய்யை, எனக்குத் தலை நரைத்த பிறகுதான் திரும்ப வாங்கிக்கொண்டார். பதிலுக்கு என் கணக்கையும் திறக்கவேண்டியதாயிற்று.

“மாமா, மூணாவது நாள் ராத்திரி அது கொல்லைக் கதவுகிட்டயே வந்துட்டுது. நீங்க தூங்கிட்டீங்க. ராஜா என் சட்டைக்குள்ள இருந்தான். சத்தம் கேட்டதும் எழுந்து, பதிலுக்குக் கத்த வாயைத் தொறந்தான். நான் கையால அவன் வாயை மூடிட்டேன். அது போற வரைக்கும் எடுக்கல.”

மாமா ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். தழும்பு இருக்கிற கை.

மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டம் ஜுன்னார் பக்கம் கரும்பு வெட்டும்போது நிஜமான சிறுத்தைக்குட்டிகளே கிடைக்கும். கரும்புக்குள்தான் அங்கே சிறுத்தைகள் குட்டி போடுகின்றன. வனத்துறைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? குட்டிக்கு அடி பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காற்றுப் போகிற ஒரு பெட்டியில் வைத்து, இருட்டுகிற நேரத்தில் எடுத்த இடத்துக்கே கொண்டுபோகிறார்கள். தூரத்தில் கேமராவோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். தாய் வருகிறது. பெட்டியைத் தட்டிக் கவிழ்க்கிறது. குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுகிறது. அவ்வளவுதான் வைத்தியம். எங்கள் ஆயா 1991-ல் சொன்னதும் அதேதான். அவள் பள்ளிக்கூடம் போகாதவள். குட்டி தனியாகக் கிடந்தால் தாய் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பக்கத்தில் எங்கேயோ நின்று, நாம் எப்போது போவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பி.காம். முதல் வருடத்தில் கணக்குப் பதிவியல் வாத்தியார் சொல்லிக்கொடுத்த முதல் விதி, பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை என்பது. அன்பு, பாசம் என்பதற்கும் தமிழில் பற்று என்றுதான் சொல்கிறோம். எனக்கு ராஜாமேல் அவ்வளவு பற்று. கணக்கு விதிப்படி பார்த்தால் அது நான் கொடுத்தது இல்லை, வாங்கிக்கொண்டது. சூடு, பெருமை, பள்ளிக்கூடத்து மரியாதை, நாற்பது வயது வரை சொல்லிக்கொண்டு திரிய ஒரு தழும்பு. எல்லாம் என் பக்கம். கொடுத்தது இரண்டு குட்டிகளும், கொல்லைக் கதவு வரை வந்த ஒரு தாயும். அந்த வரவை எங்கேயும் எழுதவே இல்லை.

திரும்பி வரும்போது திண்டிவனம் வரை மகள் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“அப்பா.”

“ம்.”

“நாலாம் நாளும் அந்த அம்மாப் பூனை வந்திருந்தா, விட்டிருப்பியா?”

விட்டிருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏற்கெனவே இவளிடம் ஒரு சிறுத்தைக் கதை விட்டிருக்கிறேன், இன்னொரு பொய் வேண்டாம் என்று தோன்றியது.

“தெரியலம்மா” என்றேன்.